மாணவர்கள் எடுக்கும் பாடல் காணொளி: தென்படும் கோளாறும் தீர்க்கும் வழியும்

கல்லூரி ஒன்றின் காட்சித் தொடர்பியல் ஆய்வகத்தில் எடிட்டிங் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் பணியில் இருக்கிறேன். கலை விழாவும் இறுதி ஆண்டுச் செய்முறைத் தேர்வும் நெருங்கும் ஒவ்வொரு பருவத்திலும், தாங்களே எழுதி, பாடி, கைப்பேசியில் எடுத்த பாடல் காணொளிகளோடு மாணவர்கள் வருகிறார்கள். பாட்டுக்குப் பாட்டு கதை மாறினாலும் கோளாறுகள் மாறுவதில்லை. ஒரே விடையைத் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்ந்ததால் அவற்றை இங்கே அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். திரையில் தெரியும் குறை எதுவோ அந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டு, முதலில் சொல்லியிருக்கும் சோதனையிலிருந்து தொடங்குங்கள். செலவில்லாத காரணங்கள் முன்னேயும் செலவு வைப்பவை பின்னேயும் இருக்கின்றன. நொடிக்கு 25 ஃபிரேம் (காணொளியை உருவாக்கும் தனித்தனிப் படங்கள்) என்ற கணக்கை வைத்தே எண்களைச் சொல்லியிருக்கிறேன்.

அறிகுறி 1: வாயசைப்பும் பாட்டும் பொருந்தவில்லை

என்னிடம் வரும் குழுக்களில் பெரும்பாலானவை இந்தக் குறையோடுதான் வருகின்றன. எதையும் மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு சோதனையைச் செய்யுங்கள். பாட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்த டேக் (நிறுத்தாமல் எடுத்த ஒரு பதிவு) ஒன்றை டைம்லைனில், அதாவது எடிட்டிங் மென்பொருளில் படத்தையும் ஒலியையும் அடுக்கும் பட்டையில் வைத்து, பல்லவியின் முதல் சொல்லுக்கு உதடுகளைச் சரியாகப் பொருத்துங்கள். பிறகு வேறெதையும் தொடாமல் கடைசிச் சரணத்தின் இறுதி வரிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

*1-அ. முதலிலிருந்து இறுதி வரை ஒரே அளவில் விலகியிருக்கிறது*

கைப்பேசி பதிவுசெய்த ஒலியின் அலைவடிவத்தைப் பார்த்துப் பொருத்தியிருப்பீர்கள். அந்த ஒலி சரியாகப் பொருந்தியும் உதடுகள் மட்டும் விலகியிருந்தால், ஸ்பீக்கர் எங்கே இருந்தது, கேமரா எங்கே இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும். கடற்கரையில் பாடுபவரின் காலடியில் ஸ்பீக்கரை வைத்துவிட்டு 50 மீட்டர் தள்ளி நின்று வைட் ஷாட் எடுத்திருந்தால், பாட்டு கேமராவுக்கு ஏறத்தாழ 0.15 நொடி தாமதமாக வந்து சேர்ந்திருக்கும். அது ஏறக்குறைய நான்கு ஃபிரேம். அந்தத் தாமதமான ஒலியை வைத்துப் பொருத்தினால் உதடுகள் பாட்டுக்கு முந்திக்கொள்ளும். ஆகவே படம் தாமதமாக வரும்படி அதை நான்கு ஃபிரேம் பின்னுக்குத் தள்ளுங்கள். ஸ்பீக்கர் கேமராவின் அருகிலும் பாடுபவர் தொலைவிலும் இருந்திருந்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். பாட்டு அவர் காதுக்குத் தாமதமாகப் போவதால் உதடுகள் பிந்தும், படத்தை முன்னுக்கு இழுக்க வேண்டும். நெருக்கமான ஷாட்களில் இந்தச் சிக்கல் வருவதில்லை.

புளூடூத் ஸ்பீக்கரின் தாமதமே காரணம் என்று பலர் கருதுகிறார்கள். பாடுபவர் கேட்பதும் கேமரா பதிவுசெய்வதும் அதே ஸ்பீக்கரின் ஒலியாக இருக்கும்வரை அந்தத் தாமதம் இருவருக்கும் பொதுவானது. அதனால் பொருத்தம் கெடாது. பாடுபவர் புளூடூத் இயர்போனில் கேட்டபடி பாடியிருந்தாலோ இணைப்பு நடுவில் விட்டுவிட்டு வந்திருந்தாலோதான் அதைச் சந்தேகிக்க வேண்டும். வயர் இணைத்த ஸ்பீக்கர் ஒன்றைக் கடன் வாங்க முடிந்தால் இந்தச் சந்தேகத்துக்கே இடமிருக்காது.

*1-ஆ. தொடக்கத்தில் பொருந்துகிறது, போகப்போக விலகுகிறது*

முதல் காரணம், படப்பிடிப்பில் ஒலித்த பாட்டும் எடிட்டிங்கில் வைத்திருக்கும் பாட்டும் வெவ்வேறாக இருப்பது. இரண்டு கோப்புகளின் நீளத்தையும் நொடிக் கணக்கில் ஒப்பிடுங்கள். ஒரு குழுவில் இசையமைத்த மாணவர், படப்பிடிப்பு முடிந்த பிறகு பாட்டு சற்று மந்தமாக இருப்பதாக எண்ணி, நிமிடத்துக்கு 100 தட்டாக இருந்த வேகத்தை 101 ஆக்கி மறுபடி மிக்ஸ் செய்து கொடுத்திருந்தார். கேட்பவர் காதுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஆனால் நான்கு நிமிடப் பாட்டின் முடிவில் இரண்டேகால் நொடிக்கும் அதிகமான இடைவெளி விழுந்துவிட்டது. மூன்று நாள் உழைத்துக் கணினியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர்கள், நீளத்தை ஒப்பிட்ட ஒரு நிமிடத்தில் காரணத்தைக் கண்டார்கள். இத்தகைய நிலையில் பழைய வேகத்தில் இறுதி மிக்ஸ் கேட்டு வாங்குவதே தீர்வு. படப்பிடிப்புக்கு முன்பே வேகத்தையும் நீளத்தையும் முடிவுசெய்துவிடுங்கள். குரலின் அளவையோ கருவிகளின் அளவையோ பிறகு மாற்றிக்கொள்ளலாம், நீளத்தை மாற்றக் கூடாது.

இரண்டாவது காரணம் கைப்பேசியின் பழக்கம். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதைப் பல கைப்பேசிகள் தாமாகவே கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து பாருங்கள். ஃபிரேம் வீதம் 'வேரியபிள்' (மாறிக்கொண்டே இருப்பது) என்று காட்டினால் இதுதான் காரணம். ஹேண்ட்பிரேக் என்ற மற்றோர் இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' (மாறாத ஃபிரேம் வீதம்) என்பதைத் தேர்ந்தெடுத்து, உயர்ந்த தரத்தில் எல்லாக் கோப்புகளையும் மாற்றிக்கொண்டு, மாற்றிய கோப்புகளை வைத்து எடிட்டிங்கைத் தொடங்குங்கள். மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். அடுத்த முறை, ஃபிரேம் வீதத்தைப் பூட்டிவைக்க வசதியுள்ள பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவசச் செயலியில் படம்பிடியுங்கள்.

மூன்றாவதாக, எடிட்டிங் திட்டத்தின் ஃபிரேம் வீதமும் படத்தின் ஃபிரேம் வீதமும் ஒன்றாக உள்ளனவா என்று பாருங்கள். முதல் கோப்பை உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே செய்ய வேண்டிய அமைப்பு இது. நாற்பது ஷாட் அடுக்கிய பிறகு மாற்ற முயன்றால் வேலை இரட்டிப்பாகும்.

இவை எதுவும் பயன்படவில்லை என்றால், டேக்கை வரி வரியாக வெட்டி ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் தனித்தனியே பொருத்துங்கள். ஒரு வரிக்குள் விழும் விலகல் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும். இதற்குப் பொறுமைதான் தேவை. வாயசைப்பைப் பொருத்தித் தர வெளியே எவருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

*1-இ. சில வரிகளில் மட்டும் விலகுகிறது*

கருவியை விட்டுவிட்டுப் பாடியவரைக் கவனியுங்கள். வரி மனப்பாடம் ஆகவில்லை, அல்லது ஸ்பீக்கரின் ஒலி காற்றில் கரைந்து அவர் காதுக்குச் சரியாக எட்டவில்லை. அந்த வரியில் வேறொருவரையோ கைகளையோ கருவி வாசிப்பவரையோ காட்டி மூடிவிடலாம். அத்தகைய ஷாட்களை எடுத்து வைத்திருக்கிறீர்களா என்பது ஐந்தாம் அறிகுறியின் கீழ் வரும் செய்தி. படப்பிடிப்பின்போது உதட்டை மட்டும் அசைக்காமல் உரக்கப் பாடச் சொல்லுங்கள். உண்மையாகப் பாடுபவரின் கழுத்து நரம்பும் மார்பின் ஏற்ற இறக்கமும் பாட்டோடு சேர்ந்து இயங்கும். வெறும் உதட்டசைவு எத்தனை துல்லியமாகப் பொருந்தினாலும் பொய்யாகவே தெரியும்.

*1-ஈ. பொருத்துவதற்குக் கேமராவில் ஒலியே பதிவாகவில்லை*

இதழ்கள் கூடிப் பிறக்கும் பகரத்தையும் மகரத்தையும் தேடுங்கள். அந்த எழுத்துகளில் உதடுகள் முழுமையாக மூடித் திறக்கும் என்பதால், மூடியிருக்கும் ஃபிரேமைக் கண்டுபிடித்துப் பாட்டில் அந்த எழுத்து ஒலிக்கும் இடத்தோடு சேர்த்துவிடலாம். ஒரு வரியில் இத்தகைய இரண்டு இடங்கள் பொருந்தினால் வரி முழுவதும் பொருந்திவிடும். அகரமும் ஆகாரமும் நிறைந்த வரியை வைத்துப் பொருத்த முயன்றால் எங்கே வைத்தாலும் சரியாக இருப்பதுபோல் தோன்றி ஏமாற்றும்.

இந்த அறிகுறி மறுபடி வராமலிருக்க, பாட்டை ஒலிக்கவிடுவதற்கென்று ஒரு மாணவரை வேறு வேலையில்லாமல் நிறுத்துங்கள். சினிமாப் படப்பிடிப்புகளில் பாட்டை ஒலிக்கவிடும் கருவியை, ஒரு காலத்தில் அதற்குப் பயன்பட்ட ரெக்கார்டரின் பெயரால் இன்றும் நாக்ரா என்று அழைப்பதுண்டு. அதை இயக்குவதற்கென்று தனி ஆள் இருப்பார். அங்கேயே அப்படியென்றால் நமக்கும் அது வேண்டும். பாட்டின் முன்னால் நான்கு தட்டு எண்ணிக்கையைச் சேர்த்து, எம்பி3 கோப்பைத் தவிர்த்து, எடிட்டிங்கில் வைக்கப்போகும் அதே வேவ் (சுருக்காத ஒலி) கோப்பைக் கொண்டு போங்கள். எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்தில் சிறு மௌனம் சேர்ந்துகொள்வதும் உண்டு.

அறிகுறி 2: படத்தில் கரும்பட்டைகள் ஓடுகின்றன, வெளிச்சம் துடிக்கிறது

வகுப்பறையிலும் அரங்கத்திலும் எடுத்த ஷாட்களில் இது தென்படும். வெயிலில் எடுத்தவற்றில் இருக்காது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால் மின்விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம், அந்தத் துடிப்போடு ஒத்துப்போக வேண்டும். செயலியைக் கைமுறை அமைப்புக்கு மாற்றி, ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்துப் பாருங்கள். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே மாற்றத்தில் மறைந்துவிட்டன. நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும்போது 1/60 வைக்க வேண்டும் என்று இணையத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். அது 60 சுற்று மின்சாரம் உள்ள நாடுகளுக்கான அறிவுரை. இங்கே 30 ஃபிரேமுக்கும் 1/50 அல்லது 1/100 தான். சில கைப்பேசிகளில் ஷட்டரை மாற்ற முடியாவிட்டாலும் 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்று தேர்ந்தெடுக்கும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கும்.

*ஷட்டரை மாற்றியும் பட்டை போகவில்லை*

அறையிலுள்ள விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். குற்றவாளி பெரும்பாலும் மலிவான எல்.இ.டி. விளக்காகவோ, வெளிச்சத்தைக் குறைத்து வைத்த விளக்காகவோ, அலங்காரச் சீரியல் விளக்காகவோ இருக்கும். குறைத்து வைத்த விளக்கை முழு அளவுக்கு ஏற்றி, வெளிச்சம் அதிகமானால் அதன் முன் வெள்ளைத் துணி கட்டித் தணியுங்கள். அலங்கார விளக்கு அவசியம் என்றால், பட்டை நிற்கும் வரை ஷட்டரைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பாருங்கள். அதுவும் உதவாவிட்டால் அந்த விளக்கை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

*பின்னணியில் எல்.இ.டி. திரை இருக்கிறது*

கலை விழா மேடைகளில் வாடகைக்குக் கொண்டுவரும் பெரிய திரைகள் தமக்கென்று ஒரு வேகத்தில் துடிக்கின்றன. ஷட்டரைச் சரிசெய்து பார்த்தும் பட்டை நிற்கவில்லை என்றால், நீங்களே போராடாமல் திரையை இயக்கும் ஆபரேட்டரை அழையுங்கள். புதுப்பிப்பு வேகத்தை உயர்த்துவது அவர் கையில் இருக்கிறது. அவராலும் முடியாதபோது திரையைக் கேமராவின் கவனத்துக்கு (ஃபோகஸ்) வெளியே மங்கலாக்கி நெருக்கமான ஷாட்களாக எடுங்கள்.

*ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது*

மெல்லிய துடிப்பாக இருந்தால், அதே கிளிப்பை மேலே மற்றொரு அடுக்கில் ஒரு ஃபிரேம் தள்ளி வைத்துப் பாதி ஒளிபுகும்படி ஆக்கினால் ஓரளவு அடங்கும்; வேகமான நடன அசைவுகளில் நிழல்போல் இரட்டை உருவம் விழும் என்பதால் அங்கே இது உதவாது. துடிப்பை நீக்கும் தனிக் கருவிகள் பெரும்பாலும் கட்டண மென்பொருள்களில் உள்ளன. அவற்றை வாங்குவதற்குமுன், அந்த ஷாட்டை மீண்டும் எடுக்க எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் பாருங்கள். கல்லூரி வகுப்பறையில் எடுத்த ஷாட் என்றால் மறுபடி எடுப்பதே எப்போதும் மலிவு.

அறிகுறி 3: ஒரே ஷாட்டுக்குள் வெளிச்சமும் நிறமும் மாறுகின்றன

பாடுபவர் வெள்ளைச் சுவரைக் கடக்கும்போது முகம் கறுத்து, கடந்த பின் வெளுக்கிறது என்றால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கணக்கிட்டிருக்கிறது. திரையில் பாடுபவரின் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்துக் கவனத்தையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். பல கைப்பேசிகளில் இந்த வசதி வழக்கமான கேமராவிலேயே இருக்கிறது. நிறம் மாறுவதற்கு வைட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பு) தானியங்கியாக இருப்பது காரணம். ஓரிடத்துக்கு ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, அங்கே எடுக்கும் எல்லா ஷாட்களுக்கும் அதையே வையுங்கள்.

இரண்டு கைப்பேசிகளில் எடுத்த ஷாட்கள் அடுத்தடுத்து வரும்போது ஒன்று மஞ்சளாகவும் ஒன்று நீலமாகவும் இருந்தால், ஒவ்வொரு இடத்திலும் முதல் ஷாட்டுக்கு முன் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, இரண்டு கைப்பேசியிலும் ஐந்து நொடி பதிவுசெய்துகொள்ளுங்கள். நிறத்தைச் சரிசெய்யும்போது அந்த வேட்டி இரண்டிலும் வெள்ளையாகும்படி செய்தால் மற்றவை ஏறக்குறைய ஒன்றிவிடும். நீலம் போட்ட வேட்டியைத் தவிர்த்துவிடுங்கள்.

ஐஃபோனில் நன்றாகத் தெரிந்த படம் கணினிக்கு வந்ததும் வெளுத்துப்போய், வானமெல்லாம் எரிந்ததுபோல் இருந்தால், எச்.டி.ஆர். (வெளிச்சத்தையும் இருளையும் அதிக வீச்சில் பதிவுசெய்யும்) அமைப்பில் எடுத்திருக்கிறீர்கள். கேமரா அமைப்புகளில் வீடியோ பதிவுக்குள் சென்று அதை அணைத்துவிட்டு எடுங்கள். எடுத்து முடித்தவற்றை மாற்றுவதற்கு எடிட்டிங் மென்பொருளின் நிற மேலாண்மை அமைப்பு தேவைப்படும். அதில் பழக்கமில்லாதவர்கள் நிறத் திருத்தம் தெரிந்த ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொள்வது நல்லது.

அறிகுறி 4: ஸ்லோமோஷனில் உதடுகள் பாட்டோடு சேரவில்லை

வழக்கமான வேகத்தில் பாட்டை ஒலிக்கவிட்டுப் பாடச் செய்து, பிறகு படத்தை மெதுவாக்கினால் உதடுகளும் மெதுவாகிவிடும். இதை எடிட்டிங்கில் சரிசெய்ய இயலாது. நடையும் கூந்தலும் மெதுவாக அசைய உதடுகள் மட்டும் பாட்டோடு சேர வேண்டும் என்றால், பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, நொடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து, டைம்லைனில் பாதி வேகத்துக்குக் குறைக்க வேண்டும். இரு மடங்கு வேகத்தில் பாட்டைச் சொல்வது கடினம். ஆகவே சரணத்தின் அடர்ந்த வரிகளை விட்டுவிட்டு, நீட்டிப் பாடும் ஒன்றிரண்டு வரிகளுக்கு மட்டும் இந்த முறையை வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே பயிற்சி எடுங்கள்.

மெதுவாக்கிய படம் திக்கித் திக்கி ஓடினால், 25 அல்லது 30 ஃபிரேமில் எடுத்ததை நீட்டியிருக்கிறீர்கள். மறுபடி எடுப்பதே வழி. மெதுவாக்கிய படத்தில் வெளிச்சம் துடித்தால், நொடிக்கு 120 ஃபிரேமில் விளக்கொளியில் எடுத்திருக்கிறீர்கள். அந்த வேகத்தில் ஷட்டரை 1/100 வைக்க இயலாது என்பதால் அத்தகைய ஷாட்களைப் பகல் வெளிச்சத்தில் மட்டுமே எடுங்கள்.

அறிகுறி 5: எடிட்டிங்கில் ஷாட் போதவில்லை, இரண்டாம் நிமிடத்திலேயே சலிக்கிறது

கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே விழுந்துவிட்ட குறை இது. நான்கு நிமிடப் பாட்டில் ஒரு ஷாட் சராசரியாக மூன்று நொடி நின்றால் எண்பது ஷாட் வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் இருபத்தைந்து, முப்பது ஷாட்களோடு வருகிறார்கள். அவற்றில் பாதி, பாடுபவர் தொலைவிலிருந்து நடந்துவரும் ஷாட்.

*எடுப்பதற்கு முன் இதைப் படிக்கிறீர்கள் என்றால்* ஒரு தாளில் பாட்டை வரி வரியாக எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது தொடங்கும் நிமிடத்தையும் நொடியையும், இடத்தையும், யார் தெரிய வேண்டும் என்பதையும் எழுதுங்கள். வரிகளில்லாத இடையிசைகளுக்கும் வரிசை ஒதுக்குங்கள். தாளில் காலியாக நிற்கும் இடம்தான் எடிட்டிங்கிலும் காலியாக நிற்கும். பிறகு, தேர்ந்தெடுத்த ஒவ்வொரு இடத்திலும் முழுப் பாட்டையும் வைட் (முழுக் காட்சி), மிட் (இடுப்பு வரை), குளோசப் (முகம்) என்று மூன்று முறை தொடக்கம் முதல் இறுதி வரை பாடச்செய்து எடுங்கள். இடையிசைக்கான ஷாட்களைத் தனியே எடுங்கள். ஒரு டேக்குக்கு நான்கு நிமிடம், அடுத்ததற்கு ஆயத்தமாக இன்னொரு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், தவறுகளையும் சேர்த்து ஓரிடத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். காலை வெயில் இதமாக இருப்பது ஆறு மணியிலிருந்து எட்டரை வரைதான். அந்த நேரத்தில் இரண்டு இடங்களுக்கு மேல் முடிக்க முடியாது. ஐந்து இடங்களை எழுதிக்கொண்டு வரும் குழுவிடம் மூன்றை அடித்துவிடச் சொல்வேன். இரண்டு இடங்களில் முழுமையாக எடுத்த பாட்டு, ஐந்து இடங்களில் அரைகுறையாக எடுத்த பாட்டைக் காட்டிலும் செழிப்பாகத் தெரிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

*எடுத்து முடித்துவிட்டீர்கள் என்றால்* முதலில், 4கே அளவில் (1080 அளவைப் போல் நீளத்திலும் உயரத்திலும் இரு மடங்கு புள்ளிகள் கொண்டது) எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இறுதிக் காணொளி 1080 அளவில்தான் வரப்போகிறது என்றால், 4கே ஷாட்டை இரண்டு மடங்கு வரை பெரிதாக்கினாலும் தெளிவு குறையாது. ஒரு வைட் ஷாட்டிலிருந்து ஒரு மிட் ஷாட்டையும் பெற்றுக்கொள்ளலாம். அடுத்து, 'ரெடி' சொல்வதற்கு முன்னும் 'கட்' சொன்ன பின்னும் பதிவான துண்டுகளைத் தேடுங்கள். சிரிப்பும் பூவைச் சரிசெய்வதும் அங்கேதான் இயல்பாகப் பதிந்திருக்கும். அதுவும் போதாவிட்டால், கைகள், கருவிகள், மரக்கிளை, தெருவிளக்கு, காலடிகள் என்று ஆள் அடையாளம் தெரியாத பத்துப் பதினைந்து ஷாட்களை ஒரே மாலையில் எடுத்துச் சேருங்கள். இதற்குப் பாடியவரே வர வேண்டும் என்பதில்லை.

ஷாட்கள் இருந்தும் ஒட்டவில்லை என்றால் உடையைப் பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டை ஒரு ஷாட்டில் இருக்கிறது, அடுத்ததில் இல்லை. மல்லிகை காலையில் மொட்டாகவும் பிற்பகலில் வாடியும் இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் தொடங்கும் முன் பாடுபவரை முன்னும் பின்னும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் இது நேராது.

அறிகுறி 6: பதிவு நடுவில் நிற்கிறது, கோப்பு திறக்கவில்லை

கைப்பேசி சூடாகிப் பதிவை நிறுத்துகிறது என்றால் உறையைக் கழற்றி, விமானப் பயன்முறையில் வைத்து, திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, டேக்குகளுக்கு இடையில் நிழலில் வையுங்கள். சார்ஜ் போட்டபடி பதிவுசெய்யாதீர்கள். ஐஃபோன் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்கு ஏற்றது என்று அதன் நிறுவனமே சொல்கிறது. மே மாதத்துச் சென்னையும் மதுரையும் அதைச் சாதாரணமாகத் தாண்டும். ஐஸ் கட்டியைக் கைப்பேசியின்மேல் வைப்பதை எவர் சொன்னாலும் செய்யாதீர்கள்; உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

இடம் போதாமல் நிற்கிறது என்றால் முன்கூட்டியே கணக்கிடுங்கள். ஐஃபோனில் 4கே, 30 ஃபிரேம், எச்.இ.வி.சி. என்ற சுருக்க வடிவில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 எம்.பி. ஆகும். நான்கு நிமிடப் பாட்டைப் பன்னிரண்டு முறை எடுத்தால் 8 ஜி.பி.க்கு மேல் போகும்.

பெரிய கோப்பு மட்டும் பென்டிரைவில் ஏற மறுத்தால், அந்த டிரைவ் ஃபேட்32 என்ற பழைய கோப்பு அமைப்பில் இருக்கிறது, 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது. அதிலுள்ளவற்றை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் அமைப்புக்கு மாற்றுங்கள். பேட்டரி தீர்ந்து பதிவு அறுந்த கோப்பு திறக்கவில்லை என்றால் அழித்துவிடாதீர்கள். அதே கைப்பேசியில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் காட்டி, அறுந்த கோப்பைப் பழுதுபார்க்கும் மென்பொருள்கள் உள்ளன. மெமரி கார்டிலிருந்து தவறுதலாக அழிந்திருந்தால் அந்தக் கணமே கார்டைக் கழற்றிவிட வேண்டும். அதன்மேல் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் முயன்று பாருங்கள். கார்டையே கணினி அறியவில்லை என்றால், அங்கேயே நிறுத்திவிட்டுத் தரவு மீட்பு நிபுணரிடம் கொண்டு போங்கள். அவர் கேட்கும் கட்டணம் மறுபடி படப்பிடிப்பு நடத்தும் செலவைத் தாண்டுமா என்று அவரிடம் ஒப்படைப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி 7: கணினியில் தெளிவாக இருக்கிறது, ஏற்றிய பின் கட்டம் கட்டமாகத் தெரிகிறது

யூடியூபில் ஏற்றிய உடனே பார்த்தீர்கள் என்றால் ஒரு மணி நேரம் பொறுங்கள். உயர்ந்த தரம் பின்னால்தான் ஆயத்தமாகும். எக்ஸ்போர்ட் செய்தபோது பிட் வீதம் (நொடிக்கு எவ்வளவு தரவு) எவ்வளவு என்று பாருங்கள். சாதாரண ஃபிரேம் வீதத்தில் 1080 அளவுக்கு நொடிக்கு 8 மெகாபிட், 4கே அளவுக்கு 35 முதல் 45 மெகாபிட் என்பது யூடியூப் தரும் அளவு. இவற்றுக்குக் கீழே போகாதீர்கள். அதற்கும் முன்பே குறை விழுந்திருக்கலாம்: நண்பர்கள் தங்கள் கைப்பேசியில் எடுத்த ஷாட்களை வாட்ஸாப்பில் வழக்கம்போல் அனுப்பியிருந்தால் அவை அங்கேயே சுருங்கிவிட்டன. ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கேபிள் போட்டு நேரடியாக எடுங்கள்.

அறிகுறி 8: ஏற்றியதும் பதிப்புரிமைக் கோரிக்கை வருகிறது

கோரிக்கை என்பது வேறு, எச்சரிக்கைப் புள்ளி என்பது வேறு. யூடியூபில் தானாக வரும் கோரிக்கையால் பெரும்பாலும் காணொளியின் வருமானம் உரிமையாளருக்குப் போகும், அல்லது காணொளி சில இடங்களில் தடுக்கப்படும்; சேனலுக்குக் கேடு வராது. ஸ்டிரைக் எனப்படும் எச்சரிக்கைப் புள்ளி அப்படியல்ல. 90 நாட்களுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலையே இழக்க நேரிடும். முதலில் எது வந்திருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

மாணவர்கள் மிகுதியாக ஏமாறும் இடம் பாரதியார் பாடல்கள். அவருடைய படைப்புகள் நாட்டுடைமையானவை என்பதால் வரிகளை எவரும் பாடலாம் என்பது உண்மை. ஆனால் நம் காதில் பழகியிருக்கும் மெட்டு, ஏதோ ஒரு திரைப்படத்துக்காக ஓர் இசையமைப்பாளர் அமைத்ததாக இருந்தால், அந்த மெட்டுக்குத் தனி உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு மற்றொரு தனி உரிமை உண்டு. இந்தியாவில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் உரிமை அவர்கள் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை நீடிக்கிறது. பாரதியின் வரிகளுக்கு உங்கள் நண்பரே புது மெட்டமைத்துப் பாடினால் எவரும் கேட்க இயலாது. திரைப்பாட்டை நீங்களே பாடி நீங்களே வாசித்தாலும் மெட்டுக்கும் வரிக்குமான உரிமை மாறுவதில்லை.

பாட்டு முழுவதும் உங்களுடையதாக இருந்தும் கோரிக்கை வந்தால், இசைக்கோவையில் பயன்படுத்திய ஆயத்த லூப்களை (திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசைத் துண்டுகளை) பாருங்கள். அதே லூப்பை வைத்து வேறெவரோ ஒரு பாட்டைப் பதிவுசெய்திருப்பார்கள். லூப்பின் உரிம ஆவணத்தை இணைத்து மறுப்பு அனுப்பலாம். உரிமை உங்களிடம் இருக்கிறது என்று ஆவணத்தோடு காட்ட முடியாத நிலையில் மறுப்பு அனுப்பாதீர்கள். கோரிக்கையாக இருந்தது ஸ்டிரைக்காக மாறக்கூடும். ஸ்டிரைக் வந்த பிறகு, அல்லது பாட்டை விற்கவோ போட்டிக்கு அனுப்பவோ எண்ணும்போது, பதிப்புரிமை அறிந்த வழக்கறிஞரிடம் ஒரு முறையாவது பேசிவிடுங்கள்.

அறிகுறி 9: படப்பிடிப்பு நடக்கும்போதே நிறுத்தச் சொல்கிறார்கள்

வாக்குவாதம் செய்யாமல் கருவிகளை மூட்டைகட்டுங்கள். ரயில் நிலையத்திலும் மெட்ரோ நிலையத்திலும் முன் அனுமதியின்றிப் படப்பிடிப்பு நடத்த இயலாது. மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில் போன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் சுற்றுலாப் பயணியாகப் படம் எடுப்பதும், டிரைபாட், ஸ்பீக்கர், நடனக் குழு என்று இறங்குவதும் ஒன்றல்ல. இரண்டாவதற்குத் துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். கடற்கரை, பூங்கா, சாலை என்றால் மாநகராட்சியிடமும் அப்பகுதிக் காவல் நிலையத்திலும் கேளுங்கள். டிரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால், அந்த இடம் தடைப் பகுதியில் வருகிறதா என்று டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் பார்க்காமல் அதைப் பையிலிருந்தே எடுக்காதீர்கள்.

கல்லூரியின் கடிதத்தாளில், துறைத் தலைவரின் கையொப்பத்தோடு, நாள், நேரம், இடம், ஆட்களின் எண்ணிக்கை, கருவிகளின் பட்டியல், வணிக நோக்கமற்ற மாணவர் படைப்பு என்ற குறிப்பு ஆகியவற்றை எழுதி இரண்டு படிகள் எடுத்து, இரண்டு வாரங்களுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஒரு படியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கிக்கொண்டு, படப்பிடிப்பு நாளில் அதைப் பாட்டை ஒலிக்கவிடும் மாணவரின் கையில் கொடுத்து வையுங்கள். அவர்தான் நாள் முழுவதும் ஒரே இடத்தில் இருப்பார்.